ராகு காலத்து வாசகர்கள்

சொந்தமாகப் புத்தகம் போட்டு, அதைத் தானே விற்று, அந்தக் காசில் குடும்பம் நடத்த என்னென்ன பழக்கங்கள் வேண்டும் என்று யாராவது என்னிடம் கேட்டால், முதலில் பஞ்சாங்கம் பார்க்கப் பழகுங்கள் என்பேன். கிழவன் கேலி செய்கிறான் என்று நினைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். விடியற்காலையில் எழுந்து தினமும் இத்தனை பக்கம் எழுதுங்கள், மனம் தளராதீர்கள் என்று சொல்வேன் என எதிர்பார்த்து வந்திருப்பார்கள். நானும் விடியற்காலையில் எழுந்தவன்தான். எதற்காக எழுந்தேன் என்று சொன்னால் இன்னும் சிரிப்பார்கள்.

அறுபதுகளின் பிற்பாதி அது. காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் சங்கத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். நான் எழுதிய துப்பறியும் நாவலைப் பத்திரிகைகள் திருப்பித் திருப்பி அனுப்பின. ஒருநாள் மேலதிகாரி என் கையெழுத்தைக் குறை சொன்னார். இவருக்கும் என் எழுத்து பிடிக்கவில்லையா என்று கோபம் வந்து வேலையை விட்டேன். கைக்கு வந்த பணத்தில் அந்த நாவலை ஆயிரம் பிரதி அச்சடித்தேன். ஐந்து கொலைகள் கொண்ட நாவல். கட்டுகள் வீட்டை அடைத்துக்கொண்டன. நானும் என் மனைவியும் அவற்றின்மேல் பாய் விரித்துப் படுத்தோம்.

அவளுடைய அப்பாவுக்கு ஆரணியில் அரிசி மண்டி. மாப்பிள்ளை வந்தால் மண்டியில் உட்காரலாம் என்று வாரத்துக்கு ஒரு கார்டு போட்டார். கார்டை அவள் எனக்கு எதிரில் படிக்கமாட்டாள். நான் பார்க்கும்படி வைத்துவிட்டுப் போவாள். ஒருநாள் வாய்விட்டே சொன்னாள்.

"அடுத்த வருஷம் ஆடி வரைக்கும் பாருங்க. ஆடி பொறக்கறதுக்குள்ள இந்தப் பொஸ்தகம் நமக்கு சோறு போட்டா இங்கியே இருக்கலாம். இல்லன்னா மண்டி. சரியா?"

சரி என்றேன். மண்டிக்குப் போனால் மூட்டைக்கு நம்பர் போடுவதைத் தவிர வேறு எதுவும் எழுதமாட்டேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்த ஒரு வருஷம் முழுவதும் அந்தப் பயத்தோடுதான் நடமாடினேன்.

வைகாசி கருட சேவைக்கு ஊரே நிரம்பும். அந்தக் கூட்டத்தில் நூறு பிரதிகளோடு நின்றேன். ஒரே ஒரு அம்மாள் வாங்கினார். என் எதிரிலேயே அதை இரண்டாக மடித்து விசிறிக்கொண்டார். அன்று பனையோலை விசிறி விற்றவன் என்னைப் பார்த்த பார்வையில் இருந்த இரக்கத்தை நான் மன்னிக்கவேயில்லை.

வழி பட்டுக்கடையில் கிடைத்தது. ஒரு வெள்ளிக்கிழமை, எங்கள் சங்கத்தில் முன்பு சேலை எடுத்துக்கொண்டிருந்த ஒரு முதலாளியின் கடைக்குப் போயிருந்தேன். உள்ளே மெத்தை விரிப்பில் முகூர்த்தப் புடவை எடுக்க வந்த ஒரு பெரிய குடும்பம். புடவைகள் மலையாய்க் குவிந்திருந்தன. ஆனால் யாரும் எதையும் தொடவில்லை. மணி பத்தேமுக்கால். ராகு காலம். பன்னிரண்டு வரைக்கும் பில் போடக்கூடாது, புடவையைத் தேர்ந்தெடுக்கக்கூடாது, கடையை விட்டுக் கிளம்பவும் கூடாது. பெண்களுக்குப் பேச்சு இருந்தது. ஆண்கள் கலர் சோடா குடித்துவிட்டு, சுவர்க் கடிகாரத்தை வெறித்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேரும் எழுத்துக் கூட்டியாவது படிக்கத் தெரிந்தவர்கள். ஒன்றரை மணி நேரம் தப்பித்துப் போக வழியில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

மறுநாள் சனிக்கிழமை, ஒன்பது முதல் பத்தரை. பையோடு போய் ஆளுக்கொன்று கொடுத்தேன். ஒரு பெரியவர் புத்தகத்தைப் புரட்டினார். மூன்றாம் பக்கத்திலேயே பிணம். புத்தகத்தைக் கீழே போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். முதலாளி என்னை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"கூறப்பொடவ எடுக்க வந்தவங்க கையில பொணத்த குடுக்கறியேபா! உனுக்கு அறிவு இருக்குதா?"

"துப்பறியும் நாவல்னா கொலை இல்லாம எப்பிடி முதலாளி?"

"ஏன், வேற எதுவும் காணாம போவாதா? சாவி காணாம போவட்டும். மாடு காணாம போவட்டும். எவனும் சாவக்கூடாது, எவளும் தாலி அறுக்கக்கூடாது, ஒருத்தரும் காய்ச்சல்ல படுக்கக்கூடாது. அப்பிடி எழுதிக்கினு வா, பாக்கலாம்."

ஐந்து கொலைகளும் எடைக்குப் போய் மளிகைக் கடையில் பொட்டலமாயின. அந்தக் காசில் காகிதம் வாங்கி, காணாமல்போன ஒரு சாவிக்கொத்தைப் பற்றி எழுதி அச்சடித்தேன். எடுத்துக்கொண்டு போனால் அடுத்த தடை. ராகு காலத்தில் புதிதாக எதையும் தொடங்கக்கூடாதாம். புத்தகம் படிப்பதும் தொடக்கம்தானாம். நேரம் இருக்கிறது, கண் இருக்கிறது, புத்தகம் மடியில் இருக்கிறது, ஒருவரும் திறக்கவில்லை.

நான் விடியற்காலையில் எழ ஆரம்பித்தது அதனால்தான். நாலரை மணிக்குக் குளித்துவிட்டு, அன்றைக்கு விற்க வேண்டிய பிரதிகளை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றின் முதல் பக்கத்தையும் உரக்கப் படித்து, அதில் ஒரு குங்குமப் பொட்டு வைப்பேன். இருபது பிரதி என்றால் இருபது தடவை அதே பக்கம். பக்கத்து வீட்டுத் தறிக்காரர் இதை ஏதோ மந்திரம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். பிறகு கடையில் போய்ச் சொல்வேன்: "நல்ல நேரத்துல நானே ஆரம்பிச்சு வெச்சிட்டேன். நீங்க தொடர்ந்து படிச்சா போதும்."

தொடர்வதற்கு சாஸ்திரத்தில் தடை இல்லை. எல்லாரும் இரண்டாம் பக்கத்திலிருந்து படித்தார்கள். சில பேர் முதல் பக்கம் கண்ணில் பட்டுவிடாமல் இருக்க அதை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டார்கள். அதன்பிறகு முதல் பக்கத்தில் நான் உருப்படியாக எதையும் எழுதுவதில்லை. தென்னை மரம், காலைக் காற்று, கிழக்கே வெளுத்த வானம், இவ்வளவுதான். ஒரு வாசகர்கூட குறை சொன்னதில்லை.

ஆனால் பணம்? ராகு காலத்தில் யாரும் மடியை அவிழ்க்கமாட்டார்கள். பன்னிரண்டு அடித்ததும் அவிழ்ப்பார்கள்தான். அதற்குள் பதினோரு மணி ஐம்பது நிமிடத்துக்குப் புத்தகத்தை முடித்துவிட்டு, "நல்லா இருந்துச்சிப்பா" என்று கையில் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். எழுத்தாளன் பாராட்டுக்கு ஏங்குகிறவன் என்று சொல்கிறார்கள். அந்த நாட்களில் பாராட்டைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பதினாறு பக்கம் சேர்ந்தது அச்சில் ஒரு பாரம். ஆறு பாரத்தில் ஐந்தை மட்டும் தைத்துக் கொடுத்தேன். எண்பதாம் பக்கத்தில், பாதி வாக்கியத்தில் கதை அறுந்து நிற்கும். கடைசிப் பாரம் என் பையில் இருக்கும். பன்னிரண்டு அடித்ததும் காசு கொடுத்தவருக்கு அதை அங்கேயே ஊசி நூலால் கோத்துக் கொடுப்பேன். தைத்த நூல் தறிகளில் மிஞ்சிய பட்டு நூல். தறிகள் நிறைந்த பிள்ளையார்பாளையத்தில் அது சும்மா கிடைக்கும், டுவைன் நூலுக்குத்தான் காசு. தொட்டால் உதிர்கிற காகிதம், சுத்தமான பட்டுத் தையல். சில பேர் தையலை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினார்கள்.

எண்பது பக்கம் ஒன்றரை மணிக்குள் முடிகிறதா என்று பார்ப்பது என் மனைவியின் வேலை. டைம்பீஸை எதிரில் வைத்துவிட்டு அவளைப் படிக்கச் சொல்வேன். ஐந்து பாரத்தையும் அவள்தான் தைப்பாள். வாரத்துக்கு நாள் பார்ப்பது என் வேலை. திங்கட்கிழமை ராகு காலம் காலை ஏழரைக்கு. கடையே திறந்திருக்காது, அன்று எழுதுவேன். புதன் பன்னிரண்டு மணிக்கு எல்லாரும் சாப்பாட்டு நினைப்பில் இருப்பார்கள், பிரயோஜனமில்லை. வெள்ளியும் சனியும்தான் என் அறுவடை.

சாவிக்கொத்தும், அதற்கடுத்த பசுமாடும் அச்சுக்கூலியைக் கட்டின, அடுப்பு எரியவில்லை. தை பிறந்தது. ஆடிக்கு ஆறு மாதம்தான் இருந்தது. அப்போதுதான் காணாமல்போன குடையை எழுதினேன்.

முந்தைய இரண்டும் வயிற்றுக்காக எழுதியவை. குடையும் அப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு வீட்டுக்காரருடைய குடை காணாமல் போகிறது. வீட்டில் கல்யாணப் பேச்சு நடக்கிற சமயம். வேலைக்காரன், மைத்துனன், விருந்தாளியாக வந்த மாப்பிள்ளையின் அப்பா என்று எல்லார்மேலும் சந்தேகம் போகிறது. ஆனால் கடைசிப் பாரத்தை எழுதும்போது எனக்கே தெரியாமல் ஒன்று நடந்தது. குடையை எடுத்தது அந்த வீட்டம்மாள். மழைக்காக இல்லை. கல்யாணமாகி வந்த இருபது வருஷத்தில் அவள் தனியாக எங்கும் போனதில்லை. ஒரு மத்தியானம் குடையை விரித்துக்கொண்டு ஏரிக்கரை வரைக்கும் நடந்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறாள். திரும்பி வருவதற்குள் வீட்டில் ரகளை தொடங்கிவிடுகிறது. குடையைத் திருப்பி வைக்கமுடியாமல் போகிறது. அந்தப் பதினாறு பக்கத்தையும் ஒரே மூச்சில் எழுதினேன். எழுதி முடித்து அழுதேன். என் எழுத்தைப் படித்து நானே அழுதது அதுதான் முதல் தடவை, கடைசித் தடவையும் அதுதான்.

தை மாதக் கடைசி வெள்ளி. நல்ல முகூர்த்தக் கூட்டம். ஐந்து பாரம் தயார். ஆறாவதை வாங்கப் பத்து மணிக்கு அச்சகத்துக்குப் போனால், கம்போசிட்டர் என் கையெழுத்துத் தாள்களை அப்படியே திருப்பித் தந்தார். தேர்தல் நோட்டீஸ் குவிந்து கிடக்கிறதாம். தேர்தல் முடியட்டும் என்றார். ஒரு வெள்ளியை விட மனமில்லை. பன்னிரண்டு மணிக்கு முடிவை வாயாலேயே படித்துக் காட்டி, பாரத்தைப் பிறகு தபாலில் அனுப்பலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு தாள்களோடு கடைக்குப் போனேன்.

அன்று வந்தவர்கள் முசரவாக்கத்துப் பெண் வீட்டாரும் தாமலிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டாரும். இரண்டு பக்கமும் நிலபுலம் உள்ள குடும்பங்கள். பெண்ணின் அப்பாவும் பையனின் அப்பாவும் ஒரே மெத்தையில் சாய்ந்து ஆளுக்கொரு பிரதி படித்தார்கள். அடுத்தடுத்து உட்கார்ந்து ஒரே கதையைப் படிக்கிற இரண்டு பேரைப் பார்ப்பது எனக்குப் பெருமையாக இருந்தது.

பதினொன்றரைக்குப் பெண்ணின் அப்பா தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"குடைய இந்த சம்மந்திதான் தூக்கினு பூட்டான்!"

பையனின் அப்பா புத்தகத்தை மெல்லத் தாழ்த்தினார். "எந்த சம்மந்தி?"

"கதையில வரவரு சம்மந்தி. மாப்பிள வூட்டுக்காரு."

"அப்ப மாப்பிள வூட்டுக்காரன்னா திருடனா? எங்க வூட்ல ஏழு குடை இருக்குது, தெரியுமா?"

"ஐய, கதைக்கு சொன்னா ஏன் கோச்சிக்கிறீங்க?"

அதோடு முடிந்திருக்கும். ஆனால் பெண்ணின் அத்தை சும்மா இருக்காமல், "பொண்ணு பாத்துட்டுப் போன அன்னிலருந்து எங்க பித்தள செம்பக் காணோம்" என்றார். யாரையும் சொல்லவில்லையாம், ஞாபகம் வந்ததாம்.

பையனின் அப்பா எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். "எல்லாரும் எழுந்திரிங்க. இந்த சம்மந்தம் வேணாம்."

அவர் பக்கத்துப் பெண்கள் எழுந்தார்கள். அவருடைய அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். "டேய், ராகு காலத்துல கௌம்பக்கூடாதுடா."

எல்லாரும் மறுபடி உட்கார்ந்தார்கள். கல்யாணம் முறிந்துவிட்டது, ஆனால் பன்னிரண்டு அடிக்கிறவரைக்கும் முறித்துக்கொண்டு போகமுடியாது. இரண்டு குடும்பமும் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு, நடுவில் அவிழ்ந்து கிடந்த பட்டுப்புடவைகளோடு காத்திருந்தன. கடைப் பையன்கள் என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு பக்கத்துக்கும் இன்னொரு சுற்றுக் கலர் கொடுத்தார்கள். அதை வாங்கிக் குடிக்கவும் செய்தார்கள்.

முதலாளி என் சட்டையைப் பிடித்து மூலைக்கு இழுத்துக்கொண்டு போனார். "இருவத்தஞ்சு நிமிசம் இருக்குது. அதுக்குள்ள குடைய கண்டுபிடி. கல்யாணம் என் கடையில நின்னுதுன்னு பேர் வந்துச்சுன்னா எனுக்கு யாவாரமே போச்சு. உனுக்கும் இந்தத் தெருவுல ஒரு கடை வாசப்படி கெடையாது. சொல்லிட்டேன்."

தாள்களை எடுத்தேன். படிக்கலாம் என்றுதான் எடுத்தேன். குடையை எடுத்தது பெண் வீட்டம்மாள் என்று படித்தால் என்ன ஆகும் என்பது அப்போதுதான் உறைத்தது. மாப்பிள்ளைப் பக்கம் சமாதானமாகும், பெண் பக்கம் எழுந்து நிற்கும். ஆரணி மண்டியின் மூட்டை வாசனையே மூக்கில் அடித்தது. தாள்களைப் பைக்குள் வைத்தேன். நடுவில் போய் நின்றேன்.

"குடையை யாரும் எடுக்கலீங்க," என்றேன். "கதவுக்குப் பின்னால ஆணியில தொங்கிக்கினு இருந்துது. மேல ஈர வேட்டிய போட்டுட்டாங்க. யாருக்கும் தெரியல. அதான் கதை."

பையனின் அப்பா முகத்தில் ஏதோ நெகிழ்ந்தது. "எங்க வூட்லயும் ஒருவாட்டி இப்பிடித்தான். டார்ச் லைட்டு. நாலு நாளு தேடனோம்."

"எங்க வூட்ல மம்பட்டி," என்றார் பெண்ணின் அப்பா, முதுகைத் திருப்பாமலே.

"செம்பும் எங்கியாவது கதவுக்குப் பின்னாலதான் இருக்கும்," என்றார் அத்தை.

ஆண்கள் எல்லாரும் சிரித்தார்கள். கதவுக்குப் பின்னால் கண்டுபிடித்த சாமான்களைப் பற்றி ஆளுக்கொரு கதை சொன்னார்கள். பன்னிரண்டு அடித்தது. அரக்கு நிறத்தில் பெரிய ஜரிகை வைத்த புடவையை முடிவு செய்தார்கள். அந்தக் கூட்டத்தில் மட்டும் எனக்குப் பதினோரு பிரதி விற்றது.

கல்யாணப் பெண் தூணோரமாக உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று அந்தக் காலை முழுவதும் யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. அவளுடைய அப்பா கீழே வைத்த பிரதி அவள் மடியில் இருந்தது. அதைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி நீட்டிக்கொண்டே, என் பக்கம் பார்க்காமல் கேட்டாள்.

"ண்ணா, கதவுக்குப் பின்னால தெனம் பெருக்க மாட்டாங்களா அந்த வூட்ல?"

பிரதியை வாங்கக் கை நீட்டினேன், அவள் அதை விடவில்லை.

"பெருக்கற ஆளுக்குக் குடை கண்ணுல படாமயா இருக்கும்? அந்தம்மாதான எடுத்தாங்க? எல்லாரையும் கேட்டாங்க, அவங்களை மட்டும் ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்கல." இன்னும் தணிந்த குரலில் கேட்டாள். "எடுத்துக்கினு எங்க போனாங்க?"

பையிலிருந்து பதினாறு தாள்களையும் எடுத்து அவளிடம் கொடுத்தேன். வேறு நகல் என்னிடம் இல்லை. அப்போது அது பெரிதாகத் தோன்றவில்லை. நான் எழுதியதுதானே, திரும்ப எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவள் அதை நான்காக மடித்து, கட்டுவதற்காகத் திறந்திருந்த புடவைப் பெட்டிக்குள், பட்டின் மடிப்பில் செருகிவிட்டாள். யாரும் கவனிக்கவில்லை.

அன்று நடந்தது தெரு முழுக்கப் பரவிவிட்டது. கடைக்கடையாகக் கூப்பிட்டு, அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்த குடைப் புத்தகம் வேண்டும் என்றார்கள். சம்பந்திகள் படித்தால் சண்டை தீரும் என்று பேராகிவிட்டது. தேர்தல் முடிந்ததும் கதவு முடிவையே ஆறாம் பாரமாக அச்சடித்தேன். முதல் ஆயிரம் பங்குனிக்குள் தீர்ந்தது. இரண்டாவது ஆயிரம் வைகாசியில். ஆடி பிறந்தது, நாங்கள் ஆரணிக்குப் போகவில்லை. மாமனாரே ஒரு பிரதி கேட்டு எழுதினார். அதற்குப் பிறகு பதினைந்து வருஷம் காணாமல்போன சாமான்களைக் கொண்டே வீட்டை நடத்தினேன்.

ஏரிக்கரை முடிவை மறுபடி எழுதப் பலமுறை உட்கார்ந்திருக்கிறேன். அந்த வீட்டம்மாள் நடப்பாள், உட்காருவாள், திரும்பி வருவாள். எல்லாம் இருக்கும். ஆனால் அன்றைக்கு எழுதியது அது இல்லை. அது முசரவாக்கத்திலோ தாமலிலோ ஒரு பெட்டியில் இருக்கும், இல்லாமலும் போயிருக்கும்.

இரண்டாம் ஆயிரம் போய்க்கொண்டிருந்தபோது ஒரு மத்தியானம், என் மனைவி ஆறாம் பாரத்தைத் தைத்துக்கொண்டிருந்தாள். கேட்டு வாங்குகிற புத்தகமாகிவிட்டதால் ஆறு பாரத்தையும் வீட்டிலேயே சேர்த்துத் தைத்தோம். எல்லாப் பிரதிகளும் அவள் கை வழியாகத்தான் போயின. அதுவரை அவள் அந்தக் கதையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. பணம் வருகிற தெம்பில், கொஞ்சம் பாராட்டும் கிடைக்கட்டும் என்று கேட்டேன்.

"முடிவு எப்பிடி இருக்குது?"

ஊசியை நிறுத்தினாள். பாரத்தை ஒருமுறை பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்குதுங்க," என்றாள். "ஆம்பளைங்க படிக்கிறதுதான."

வேறு முடிவு ஒன்று இருந்தது, அதை எழுதியதும் நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, அடுத்த பிரதியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.